வீட்டில் காதலைச் சொல்வது எப்படி? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையைப் பெரிய கிராமம் என்பார்கள். காதலிக்கிறவர்களுக்கு அது வெறும் பேச்சு இல்லை. விளக்குத்தூண் பக்கம் நானும் அவரும் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டு நின்றோம். சேலைக்கடைப் பையோடு எதிரே வந்தார் என் சித்தி. டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செல்லூரில் அம்மாவுக்கும், மேலூரில் பெரியம்மாவுக்கும், திருப்பூரில் வேலை பார்த்த அண்ணனுக்கும் சேதி போய்விட்டது.

அதன் பிறகு கல்யாணம் நடக்க இரண்டரை வருடம் ஆனது. இப்போது தம்பி தங்கைகள் வந்து, "வீட்ல எப்படிக்கா சொல்றது?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது வசனத்தை. வசனம் கடைசி வேலை. யாருக்கு முதலில் தெரிய வேண்டும், அந்த நாளில் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை. நான் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். 21 முதல் 27 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதுவது இது. பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள் இதை மூடிவிட்டுப் பாடத்தைப் பாருங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: ஒருவரை ஒருவர் சலிப்பான வேலையில் பாருங்கள்

சினிமா, ஓட்டல், பைக்கில் அழகர்கோவில் ரோடு. இங்கெல்லாம் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆளைத் தெரிந்துகொள்ள இது போதாது. ஆதாரில் முகவரி மாற்ற ஒன்றாக வரிசையில் நில்லுங்கள். மாட்டுத்தாவணியில் ஊருக்குப் போக பஸ் கிடைக்காத தீபாவளிக்கு முந்தின ராத்திரியில் அவர் கண்டக்டரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். ஓட்டல் சப்ளையர் தப்பான தோசையைக் கொண்டுவந்து வைத்தால் அவள் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பத்து வருடம் கழித்து உங்களிடமும் அந்தக் குரல்தான் பேசும்.

உட்கார்ந்து பேசக் காசு கேட்காத இடங்கள் நம் ஊரில் உண்டு. தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்து மர நிழல் ஒன்று. புதுநத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இன்னொன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஜோடிகள் அங்கே எதிரெதிரே உட்கார்ந்து நிஜமாகவே படிப்பதைப் பார்த்திருக்கிறேன். படிக்க விடுகிற காதல் நல்ல காதல்.

பேச வேண்டியவை என்று என் கணக்கில் ஐந்து உண்டு. சம்பளத்தில் யார் வீட்டுக்கு எவ்வளவு போகும்? கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் வேலைக்குப் போவோமா? எந்த ஊரில் இருப்போம்? வயதான காலத்தில் இரண்டு வீட்டுப் பெற்றோரையும் யார் பார்ப்பது? சாமி, சாப்பாடு, தீட்டு, சடங்கு இதிலெல்லாம் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்போம்? கடைசிக் கேள்வியில்தான் நாங்கள் முதல் சண்டை போட்டோம். ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் அவர் வந்து, தான் சொன்னதில் எது தப்பு, எதில் இன்னமும் உறுதியாக இருக்கிறார் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். கட்டினால் இவரைத்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஒரு எச்சரிக்கை. போன் பாஸ்வேர்டு கேட்பது, "அவளோட பேசாத", "இந்த டிரஸ் போடாத" என்பது, எங்கே இருக்கிறாய் என்று நேரத்துக்கு நேரம் போட்டோ கேட்பது எல்லாம் அக்கறை என்ற பெயரில்தான் வரும். வேவு பார்ப்பதற்கு வேறு பெயர் கிடையாது. பையன்களுக்கும் சொல்கிறேன். மூன்று மாதம் பின்னால் சுற்றினால் சரி என்பாள் என்று எவனாவது சொன்னால் அவன் உங்கள் நண்பன் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இரண்டாம் படி: கையில் காசு, கைவசம் காகிதம்

வேலை இல்லாமல் வீட்டில் சொல்லாதீர்கள். காதலுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். "வீட்டை விட்டு வெளியே போ" என்று அப்பா கத்தும்போது, போக ஓர் இடம் இருக்கிற பிள்ளையால்தான் பயப்படாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்க முடியும். சம்பந்தம் அவ்வளவுதான்.

இருவரும் தனித்தனியாகச் சேமியுங்கள். பேங்கில் மாதா மாதம் கட்டும் ஆர்.டி. போதும். வாடகை வீட்டு அட்வான்ஸ், கேஸ் இணைப்பு, நாலு பாத்திரம், அதற்கு மேல் ஆறு மாதச் செலவு. இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதியபோது கையில் இருந்தது 40,000 ரூபாய். சிரித்துவிட்டு ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். அந்த ஒரு வருடத்தில் அவர் கோயம்புத்தூருக்கு மாறினார், நான் கணக்கு வேலையில் சேர்ந்தேன். தினம் ராத்திரி போனில் அரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்டோம். மீதி நேரத்தில் தூங்கினோம், படித்தோம். விடிய விடியப் பேசிவிட்டுக் காலையில் ஆபீசில் கண்ணைக் கசக்கும் காதலில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

காகிதங்கள் உங்கள் கைவசம் இருக்கட்டும். ஆதார், பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், வயதைக் காட்டும் மதிப்பெண் பட்டியல், பேங்க் பாஸ்புக். பெண் பிள்ளைகள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பல வீடுகளில் முதலில் பூட்டப்படுவது பீரோதான், வாசல் கதவு அதற்குப் பிறகு.

மூன்றாம் படி: "முடியாது" என்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எல்லா வீட்டிலும் வரும் பதில் ஒன்றுதான்: "இது நடக்காது." ஆனால் அந்த ஒரே பதிலுக்குள் வீட்டுக்கு வீடு வேறு வேறு பயம் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் வாதாடினால் பூட்டு ஒன்று, சாவி ஒன்று என்று ஆகிவிடும்.

மதுரைப் பக்கத்தில் பெரிய பயம் செய்முறை, அதாவது சொந்தக்காரர் விசேஷங்களில் மொய்யாகச் செய்து திரும்ப வாங்கும் கணக்கு. எங்கள் வீட்டில் நாலு மொய் நோட்டு உண்டு. யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்தோம், யார் நமக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று 20 வருடக் கணக்கு அதில் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது கடன் புத்தகம் மாதிரி தெரியும். அப்பாவுக்கு அதுதான் வங்கி, அதுதான் இன்சூரன்ஸ், அதுதான் ஊரில் அவருடைய இடம். வேற்று ஆளைக் கட்டினால் சொந்தக்காரன் பந்திக்கு வரமாட்டான், போட்ட மொய் திரும்பாது, "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யார் வந்து நிப்பா?" என்பார். பிள்ளைகள் இதைக் கேட்டதும் "உங்களுக்குப் பணம்தான் முக்கியம்" என்று பாய்வார்கள். பாயாதீர்கள். மனிதர் தனிமையைப் பற்றிப் பேசுகிறார்.

இரண்டாவது, பின்னால் இருக்கும் தங்கச்சி. "உன்னால இவளை யார் கட்டுவா?" இதற்குச் சமாதானம் பேச்சில் கிடையாது, காலத்தில்தான் இருக்கிறது. அவள் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் வரை காத்திருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் முதல் நாளே அதைச் சொல்லுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கும்.

மூன்றாவது, பையன் எப்படி, பெண் எப்படி என்ற நியாயமான பயம். வேலை, குடி, கடன். இதற்கு மட்டும் ஆதாரம் காட்டலாம்.

நாலாவது சாதி. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. சில வீடுகளில் மற்ற மூன்று பயங்களும் இதன் மேல் போர்த்திய துணிதான். துணியை எடுத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இதற்கு முன்பு கலப்புக் கல்யாணம் செய்தவர்களுக்கு என்ன நடந்தது? பேசாமல் ஒதுக்கினார்களா, பிள்ளை பிறந்ததும் சேர்ந்துகொண்டார்களா, அடித்தார்களா? உங்கள் வீடு என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. பழைய கதையில் வன்முறை இருந்தால் அடுத்த மூன்று படிகளைத் தாண்டி நேராக ஏழாம் படிக்குப் போங்கள்.

நான்காம் படி: முதலில் யாரிடம்?

சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். மீனாட்சி கல்யாணம் முடிந்து, தேரும் ஓடி முடிந்த பிறகுதான் அழகர் வைகையில் இறங்குகிறார். மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்பது புராணம். ஊர்ச் சனத்துக்குப் பிடித்தது இன்னொரு கதை. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன், வழியிலேயே தாலி கட்டியாயிற்று என்று கேட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டாராம். அவருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காமல் இல்லை. தன்னை விட்டுவிட்டுக் காரியம் முடிந்துவிட்டதே என்றுதான் கோபம்.

எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. சித்தி பார்த்த அன்றைக்கு அம்மாவிடம் அழுதேன், அப்பாவிடம் பேச மாமாவைப் பிடித்தேன், அக்கா முறையானவர்களிடம் எல்லாம் ஆதரவு கேட்டேன். அண்ணன் திருப்பூரில்தானே இருக்கிறான், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அம்மா ஆறு மாதத்தில் இறங்கினார், அப்பா ஒரு வருடத்தில். அண்ணன் என் கல்யாணத்துக்கே வரவில்லை. "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகு எனக்கு எதுக்குச் சொல்ற?" என்று கேட்டுப் போனை வைத்தவன்தான்.

ஆகவே ஒரு பட்டியல் போடுங்கள். யாருக்குத் தெரியாமல் போனால் மனம் உடையும், யார் பேச்சை அப்பா கேட்பார், யார் வாய் நிற்காது? இந்த மூன்றும் வேறு வேறு ஆட்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் வார்த்தைக்குத் தனி எடை உண்டு. ஆனால் தாய்மாமனுக்கே கல்யாண வயதில் மகன் இருந்தால் அவரைத் தூது அனுப்பாதீர்கள். முறைப்பெண்ணை விட்டுக்கொடுக்கச் சொல்வது மாதிரி ஆகிவிடும். அப்பா மதிக்கும் பழைய வாத்தியார், ஆபீஸ் நண்பர், சின்ன வயதிலேயே காதல் கல்யாணம் செய்து நன்றாக வாழும் அத்தை, இப்படி ஒருவரைப் பாருங்கள். வாய் நிற்காதவருக்குக் கடைசியில் சொல்லுங்கள், ஆனால் நீங்களே சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: நேரமும் சொல்லும்

ஜாதகத்தை வெளியே எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க நாள் குறித்த பிறகு சொன்னால், அப்பா வெளியாருக்குக் கொடுத்த வாக்கும் சேர்ந்து உங்களுக்கு எதிராக நிற்கும். கல்யாண வீட்டில், திருவிழா வாரத்தில், சொந்தக்காரர் வந்திருக்கும்போது சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால் ஆடி மாதம் நல்ல மாதம். ஆடியில் யாரும் சம்பந்தம் பேசமாட்டார்கள். உடனே வேறு இடத்தில் முடித்துவிடுவோம் என்ற அவசரத்துக்கு ஒரு மாதம் தடை இருக்கும். மார்கழிக்கும் இதே நியாயம்.

அவரவர் வீட்டில் அவரவர் சொல்லுங்கள். முதல் நாளே ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்புவது கோழைத்தனம் என்பதைவிட ஆபத்து, அது ஐந்து நிமிடத்தில் குடும்பக் குரூப்புக்குப் போய்விடும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து டிவியை அணைத்த பிறகு, கீழே உட்கார்ந்து, சின்னதாக:

"அப்பா, ஒரு விஷயம். நான் ஒருத்தரை விரும்புறேன். மூணு வருஷமாப் பழக்கம். உங்களுக்குத் தெரியாம எதையும் செய்யணும்னு நினைக்கல. நீங்க இப்பவே பதில் சொல்ல வேணாம். அவங்களைப் பத்தி என்ன கேட்டாலும் சொல்றேன்."

இவ்வளவு போதும். "இல்லேன்னா செத்துருவேன்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன பிறகு வீட்டில் யாரும் உங்களை முடிவெடுக்கத் தெரிந்த ஆளாகப் பார்க்கமாட்டார்கள். கேள்வி கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சாதியைக் கேட்பார்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். மறைத்துப் பின்னால் தெரிந்தால் மற்ற உண்மைகளும் பொய்யாகிவிடும்.

ஆறாம் படி: காத்திருக்கும் மாதங்கள்

அம்மா சாப்பிடமாட்டார். அப்பா உங்களிடம் நேராகப் பேசாமல் "அவகிட்ட சொல்லு" என்று அம்மா வழியாகப் பேசுவார். "உன்னைப் படிக்க வச்சதுதான் தப்பு" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையை வழக்கம்போலச் செய்யுங்கள், சம்பளத்தில் கொடுப்பதைக் கொடுங்கள், பேச்சை மாதம் ஒரு முறைக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் ஆள் அந்தப் பக்கத்திலிருந்து "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று தினம் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிலவரம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பெரிய சண்டைகள் வந்தது இந்த மாதங்களில்தான். வீட்டில் வாங்கியதை ஒருவர் தலையில் ஒருவர் கொட்டினோம்.

இந்த இடத்தில் சில காதல்கள் முறியும். ஒருவர் களைத்துப்போவார், ஒருவர் பயந்துபோவார். முறிந்தால் அழுங்கள், ஊரை விட்டுக் கொஞ்ச நாள் நகருங்கள், வேலையை மட்டும் விடாதீர்கள். படங்களையோ பேச்சுகளையோ வெளியே விடுவேன் என்று மிரட்டுவது குற்றம், பழிவாங்கல் என்று சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது. தூக்கம் போய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். தமிழில் பேசலாம், காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஏழாம் படி: கோபம் வேறு, ஆபத்து வேறு

போனைப் பிடுங்குவது, வேலைக்குப் போகவிடாமல் பூட்டுவது, இரண்டு வாரத்தில் வேறு கல்யாணம் முடிவு செய்வது, அடிப்பது, ஊரிலிருந்து பங்காளிகள் கூட்டமாக வந்து உட்காருவது. இவற்றில் எது வந்தாலும் சமாதானப் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 112 அவசர போலீஸ், 181 பெண்கள் உதவி எண். இலவசச் சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அந்த உதவி உண்டு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது: வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பமோ சமூகமோ சம்மதிக்க வேண்டியதில்லை. அதற்கு முன்பே 2016-இல், உசிலம்பட்டிப் பக்கத்து இளம் பெண் ஒருவரின் 2014 மரணம் குறித்த வழக்கில், மாவட்டந்தோறும் கலப்புத் திருமண ஜோடிகளுக்கான தனிப் பிரிவு அமைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. யாரையாவது அடைத்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்குச் சென்னைக்கு ஓட வேண்டாம், 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நம் ஒத்தக்கடைப் பக்கமே இருக்கிறது.

எந்த வழியில் கல்யாணம்? இருவரும் இந்துக்கள் என்றால் சாதி வேறாக இருந்தாலும் 1955-இன் இந்து திருமணச் சட்டம் போதும். அதில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவுப்படி சுயமரியாதைத் திருமணம் செய்யலாம். ஐயர் வேண்டாம், நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ செல்லும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதம் வேறு, யாரும் மாற விருப்பமில்லை என்றால் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் மனு கொடுக்க வேண்டும். அறிவிப்பு 30 நாள் ஒட்டப்படும். சட்டப்படியான ஆட்சேபம் இல்லையென்றால் மூன்று சாட்சிகளோடு கல்யாணம். ஒட்டப்பட்ட அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இந்தப் பெரிய கிராமத்தில் அது எவ்வளவு நேரம் ரகசியமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த 30 நாள் எங்கே தங்குவது என்று வக்கீலோடு பேசிவிட்டு மனு கொடுங்கள்.

எப்படிக் கட்டினாலும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள். ஒருவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண நிதியுதவிக்குச் சமூக நலத் துறையில் விண்ணப்பிக்கலாம். தாலிக்கு 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் 50,000 ரூபாயும்.

எட்டாம் படி: இறங்கி வந்த பிறகு

சம்மதம் வந்ததும் பிள்ளைகள் ஒதுங்கி, மண்டபம், நகை என்று பெரியவர்கள் கையில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இரண்டு வீடும் முதலில் சந்திப்பது பத்துப் பேருக்குள் இருக்கட்டும், யார் வீட்டிலும் இல்லாமல் பொதுவான இடத்தில். நகை, சீர் பற்றிக் கேட்கவோ கொடுக்கவோ மாட்டோம் என்று நீங்கள் இருவரும் முதலில் முடிவு செய்து சொல்லுங்கள். கடன் வாங்கிக் காதல் கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது.

அப்புறம் அந்த மொய் நோட்டு. கல்யாணமான முதல் இரண்டு வருடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட நாங்கள் விடவில்லை. அழைக்காத வீட்டுத் துக்கத்துக்கும் போய் நின்றோம். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அவர் கையால் 500 ரூபாய் மொய் எழுதி, பெயருக்கு முன்னால் என் அப்பா பெயரைச் சொல்லி, இன்னார் மருமகன் என்று எழுதச் சொன்னார். அப்பாவின் பயத்துக்கு நாங்கள் சொன்ன பதில் அதுதான்.

அண்ணன் மூன்று வருடம் பேசவில்லை. போன வருடம் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். பத்திரிகை அடிக்கவில்லை, அம்மாவிடம்கூட அப்போது சொல்லவில்லை. திருப்பூர் பஸ் ஏறிப் போய், அவன் கம்பெனி வாசலில் ஷிஃப்ட் முடியும் வரை நின்று, "உனக்குத்தான் முதல்ல சொல்றேன். உன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. எதிர்க் கடையில் ரெண்டு டீ சொன்னான்.